மடத்து நிலம், மாளிகைக் குடும்பம்

1538ஆம் ஆண்டு. இங்கிலாந்தின் தெற்கே, சசெக்ஸ் பகுதியில் உள்ள பேட்டில் மடாலயத்தின் பெரிய கூடத்தில் விருந்து நடக்கிறது. மடத்தைத் துறவிகளிடமிருந்து பிடுங்கிய மன்னர் எட்டாம் ஹென்றி, அதைத் தம் உற்ற நண்பர் சர் ஆன்டனி பிரௌனுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். புதிய உடைமைக்காரர் நண்பர்களோடு சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார். வெளியேற்றப்பட்ட துறவிகளில் ஒருவர் கூடத்துக்குள் நுழைந்து நேரே பிரௌன் முன் போய் நிற்கிறார். நெருப்பாலும் நீராலும் உன் வம்சம் அற்றுப்போகும் என்று சொல்லிவிட்டு வந்த வழியே திரும்பிப் போகிறார்.

கதை இவ்வளவுதான். இப்படிப்பட்ட கதைகள் இங்கிலாந்தில் ஊருக்கு ஒன்று உண்டு. பெரும்பாலானவற்றை ஊர்க்காரர்களே மறந்துபோனார்கள். இதை மட்டும் மறக்கவிடாமல் செய்தது 1793.

அந்த ஆண்டு செப்டம்பர் 24ஆம் தேதி இரவு, பிரௌன் குடும்பத்தின் கவுட்ரே மாளிகை தீப்பிடித்தது. மிட்ஹர்ஸ்ட் என்ற சிற்றூரை ஒட்டி, ரோதர் ஆற்றின் கரையில் இருந்த மாளிகை அது. குடும்பத்தின் எட்டாவது வைகவுன்ட், 24 வயது ஜார்ஜ் சாமுவேல் பிரௌன், விரைவில் திருமணம் செய்வார் என்று மாளிகையில் மராமத்து வேலை நடந்துகொண்டிருந்தது. தச்சர்களின் பட்டறையில் கிடந்த கரி நெருப்பிலிருந்து தீ பரவியதாகச் சொல்லப்படுகிறது. வேலை முடியும்வரை பத்திரமாக இருக்கட்டும் என்று ஓவியங்களையும் மேசை நாற்காலிகளையும் ஒரே இடத்தில் குவித்து வைத்திருந்தது தீக்கு வசதியாகப் போயிற்று. விடியும்போது சமையல் கோபுரமும் வெறும் சுவர்களுமே நின்றன.

வைகவுன்ட் அப்போது ஊரில் இல்லை. ஐரோப்பாவில் நண்பர் ஒருவரோடு சுற்றிக்கொண்டிருந்தார். ரைன் ஆற்றில் லாஃபன்பர்க் என்ற இடத்தில் பாறைகளுக்கு நடுவே நீர் சீறிப் பாயும். அங்கே படகு ஓட்டிக் காட்டுவதென்று இருவரும் முடிவு செய்தார்கள். வேண்டாம் என்று உள்ளூர்க்காரர்கள் தடுத்தார்கள். வேலைக்காரர் எஜமானின் சட்டைக் கழுத்தைப் பிடித்து இழுத்ததாகவும், அவர் உதறிவிட்டுப் படகில் ஏறியதாகவும் பின்னால் சொன்னார்கள். இருவரும் மூழ்கிப் போனார்கள். வீடு எரிந்த செய்தியோடு சென்ற கடிதம் அவர் கைக்குக் கிடைக்கவே இல்லை.

நெருப்பு ஆயிற்று, நீரும் ஆயிற்று. இதற்குப் பின் நடந்தது எந்தக் கதாசிரியருக்கும் தோன்றாது. பட்டத்துக்கு அடுத்த வாரிசு மார்க் ஆன்டனி பிரௌன். அவர் பிரான்சில் ஃபான்டென்புளோவில் கத்தோலிக்கத் துறவியாக இருந்தவர்! வம்சம் நின்றுவிடக் கூடாதென்று போப்பாண்டவரின் அனுமதி பெற்றுத் துறவைக் கைவிட்டார், திருமணமும் செய்துகொண்டார். மணமான அதே 1797இல் பிள்ளையில்லாமல் இறந்தார். துறவி தொடங்கி வைத்ததாகச் சொன்ன கதையை ஒரு துறவியே முடித்து வைத்தார். பட்டமும் அவரோடு போயிற்று.

எஸ்டேட், மூழ்கியவரின் தமக்கை எலிசபெத்துக்கு வந்தது. அவருடைய கணவர் வில்லியம் ஸ்டீபன் பாயின்ட்ஸ். 1815 ஜூலையில் பாக்னர் கடற்கரையில் படகு கவிழ்ந்து அவர்களுடைய இரண்டு மகன்களும் இறந்தார்கள். தந்தை பிழைத்தார். எஞ்சிய மகள்கள் 1843இல் எஸ்டேட்டை எக்மன்ட் பிரபுவுக்கு விற்றார்கள்.

சிவன் சொத்து குலநாசம் என்று கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதையை விளக்கத் தேவையே இல்லை. இந்தத் தர்மத்தை அழித்தவன் கங்கைக் கரையில் காராம்பசுவைக் கொன்ற பாவத்தில் போவான் என்று நம் கோயில் கல்வெட்டுகள் முடிவதைப் போலவே, இடைக்கால ஐரோப்பாவின் மடத்துச் சாசனங்களும் நிலத்தைக் கவர்பவனுக்கு நரகத்தை நேர்ந்துவிட்டே முடிந்தன. காவலுக்கு ஆள் போட முடியாத காலத்தில் சாபம்தான் வேலி. அந்த வேலியை ஹென்றி 1536இலிருந்து 1540க்குள் நாடு முழுக்கப் பிடுங்கி எறிந்தார். ஏறத்தாழ 800 மடங்கள் கலைக்கப்பட்டு, நிலங்கள் அரசவை நண்பர்களுக்கும் பணமுள்ளவர்களுக்கும் போயின. இன்றைய ஆங்கில நாட்டுப்புற மாளிகைகள் பலவற்றின் பெயரில் மடத்தைக் குறிக்கும் 'ஆபி', 'பிரையரி' என்று ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பங்கீட்டின் தடம்.

கேள்வி இங்கேதான் தொடங்குகிறது. பிரௌன் வாங்கியது குற்றம் என்றே வைத்துக்கொள்வோம். 1793இல் மூழ்கிய இளைஞன் என்ன செய்தான்? பாக்னர் கடலில் செத்த பிள்ளைகள் என்ன செய்தார்கள்? பாவம் நிலத்தில் தங்குமா, ரத்தத்தில் ஓடுமா, அல்லது செய்தவனோடு மண்ணுக்குப் போய்விடுமா?

பதில் தேடுமுன் அந்தக் குடும்பம் நடுவில் என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்ப்பது நல்லது. சாபக்கதை 1538இலிருந்து 1793க்கு ஒரே தாவாகத் தாவிவிடுகிறது. நடுவில் 255 ஆண்டுகள் கிடக்கின்றன.

கவுட்ரே முதலில் பிரௌன்களுடையது அல்ல. பூன் என்ற நார்மன் குடும்பத்தின் நிலம். அந்தக் குடும்பத்தின் வாரிசு மேரியை மணந்த சர் டேவிட் ஓவன் 1520களில் மாளிகையைக் கட்டத் தொடங்கினார். 1529இல் அது சர் வில்லியம் ஃபிட்ஸ்வில்லியம் கைக்குப் போனது. பக்கத்து ஈஸ்போர்ன் கன்னியர் மடம் 1536இல் கலைக்கப்பட்டபோது அந்த நிலமும் அவருக்கே கிடைத்தது. அதனால் சாபம் கொடுத்தது அந்தக் கன்னியர்தான் என்று சொல்பவர்களும் உண்டு. 1542இல் ஸ்காட்லாந்துப் படையெடுப்புக்குப் போன வழியில் அவர் பிள்ளையின்றி இறக்க, எல்லாம் தாய்வழிச் சகோதரரான ஆன்டனி பிரௌனுக்கு வந்தன. பூன்களின் ஆண் வழி அற்றது, ஃபிட்ஸ்வில்லியம் வழியும் அற்றது. பூன்களுக்கு எந்தத் துறவியும் சாபமிட்டதாகக் கதை இல்லை.

பிரௌன் மனஉறுத்தல் உள்ளவராகத் தெரியவில்லை. பேட்டில் மடாலயத்தின் பெரிய தேவாலயத்தை இடித்துத் தள்ளினார். கவுட்ரேயின் உணவறையில் ஹென்றியின் போர்களைப் பெரிய சுவரோவியங்களாகத் தீட்டவைத்தார். ஒன்றில் மன்னருக்குப் பின்னால் வெள்ளைக் குதிரையில் தாமே வருகிறார். 1545இல் மேரி ரோஸ் போர்க்கப்பல் மூழ்கிய காட்சியும் அதில் இருந்தது. ஓவியம் தீயில் போய்விட்டது. நல்லவேளையாக 1778லேயே அதைப் பார்த்துச் செதுக்கிய அச்சுப்படம் ஒன்று வெளியாகியிருந்தது. 1982இல் கடலடியிலிருந்து அந்தக் கப்பலைத் தூக்கியவர்களுக்கு, அது மூழ்கிய நாளைக் காட்டும் படம் என்று கையில் இருந்தது அதுதான்.

மகன் வேறு மாதிரி. அவர் பெயரும் ஆன்டனி. கத்தோலிக்க அரசி மேரி 1554இல் அவரை வைகவுன்ட் மான்டேகு ஆக்கினார். மறு ஆண்டு, ஹென்றி காலத்தில் ரோமாபுரியை விட்டு விலகிய இங்கிலாந்தை மீண்டும் ஏற்றுக்கொள்ளும்படி போப்பாண்டவரிடம் கேட்கச் சென்ற மூவர் தூதுக்குழுவில் அவரும் ஒருவர். மடத்துச் சொத்தின் மேல் உட்கார்ந்திருந்தவர், மடங்களை அழித்த நாட்டுக்காக மன்னிப்புக் கேட்கப் போனார்! இதைப் பாசாங்கு என்று ஒதுக்கிவிட முடியாது. 1559இல் எலிசபெத் அரசி திருச்சபையின் தலைமையை எடுத்துக்கொண்டபோது பிரபுக்கள் அவையில் எழுந்து எதிர்த்தவர் அவர். அப்படியும் 1591இல் எலிசபெத்தே கவுட்ரேக்கு விருந்தாட வந்தார். ஒரு காலை உணவுக்கு மட்டும் மூன்று காளைகளும் 140 வாத்துகளும் ஆயின என்று அந்த ஆண்டே அச்சிட்டுவைத்திருக்கிறார்கள். பழைய மதத்தைக் காப்பாற்றிக்கொள்ள அவர் கொடுத்த விலை அது என்று நினைக்கத் தோன்றுகிறது.

அவர் இறந்த பின் மனைவி மக்தலேன் சீமாட்டி பேட்டிலில் வாழ்ந்தார். சட்டம் தடைசெய்த கத்தோலிக்கப் பூசை அவர் வீட்டில் நடந்தது; பாதிரியார்கள் தங்கினார்கள்; சில நாட்களில் 120 பேர் வரை கூடினார்கள். எதிராளிகள் அந்த வீட்டைச் 'சின்ன ரோமாபுரி' என்று கேலி செய்தார்கள். துறவிகளைத் துரத்திய அதே வளாகத்தில், துரத்தியவரின் மருமகள் அவர்களுடைய பூசையை உயிரைப் பணயம் வைத்து நடத்தினார். முதல் வைகவுன்டின் பேரனான இரண்டாவது வைகவுன்ட், நாடாளுமன்றத்தைத் தகர்க்கக் கத்தோலிக்கர் சிலர் போட்ட 1605இன் வெடிமருந்துச் சதிக்குப் பிறகு லண்டன் கோட்டையில் சிறை இருந்தார். சதிகாரர் கை ஃபாக்ஸ் ஒரு காலத்தில் அந்தக் குடும்பத்தின் வேலைக்காரர். இதன் பிறகும் குடும்பம் பல தலைமுறை கத்தோலிக்கமாகவே இருந்தது. பேட்டில் வளாகத்தை 1721லேயே வெப்ஸ்டர் குடும்பத்துக்கு விற்றுவிட்டார்கள். ஆக, கவுட்ரே எரிந்தபோது சாபத்துக்குக் காரணமான நிலம் பிரௌன்கள் கையில் இருந்தே 72 ஆண்டுகள் கழிந்திருந்தன. கதை சொல்பவர்கள் இந்த விவரத்தை அவசரமாகக் கடந்து போவதைக் கவனிக்கலாம்.

கதை அச்சில் விரிவாகப் பரவியது 19ஆம் நூற்றாண்டில்தான். திருமதி ரவுண்டல் 1884இல் எழுதிய கவுட்ரே வரலாறு அதற்குப் பெரிய துணை. எல்லாம் நடந்து முடிந்த பிறகு நெருப்பென்றும் நீரென்றும் சொல்வது கடினமல்ல.

ஆனால் பாட்டிக்கதை என்று சிரித்துவிட்டும் போக முடியாது. சர் ஹென்றி ஸ்பெல்மன் என்ற அறிஞர் இதைக் கணக்குப் போட்டே நிறுவப் பார்த்தார். நார்ஃபோக் மாவட்டத்தில் அவரே இரண்டு பழைய மடங்களின் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்து, வழக்குகளில் மாட்டி, கைசுட்டுக்கொண்டவர். அதன் பிறகு வரைபடத்தில் ரஃபம் என்ற ஊரை நடுவாக வைத்து 12 மைல் ஆரத்தில் ஒரு வட்டம் போட்டார். அதற்குள் 24 கனவான் வீடுகள், அதே அளவு பழைய மடங்கள். கனவான் வீடுகள் அந்தந்தக் குடும்பங்களிடமே இருந்தன. மடத்து நிலங்களோ இரண்டைத் தவிர எல்லாமே குறைந்தது மூன்று முறை கைமாறியிருந்தன. சில ஐந்தாறு முறை. கடவுள் சொத்தைத் தொட்டவர்களின் கதியை ஒரு நூலாகவே எழுதிவைத்துவிட்டு 1641இல் இறந்தார். பெரிய குடும்பங்கள் கோபித்துக்கொள்ளும் என்று அஞ்சித் தயங்கியதில் நூல் வெளிவர 1698 ஆயிற்று. 1846இல் இரண்டு ஆங்கிலிக்கன் பாதிரியார்கள் புது உதாரணங்கள் சேர்த்து மறுபடி அச்சிட்டார்கள்.

12 மைல் வட்டம் மனிதரின் நேர்மையைக் காட்டுகிறது. நிரூபணம் மட்டும் நொண்டுகிறது. அவர் எடுத்த கனவான் வீடுகள் ஏற்கெனவே நிலைத்துவிட்ட பழைய குடும்பங்களுடையவை. நிலைக்காமல் போனவை கணக்கிலேயே வரவில்லை. மடத்து நிலமோ சந்தைக்குப் புதிதாக வந்த சரக்கு. வாங்கி விற்று லாபம் பார்க்கவே பலர் வாங்கினார்கள். கைமாறுவதற்குச் சாபம் தேவையில்லை, விலையேற்றமே போதும். வட்டத்துக்கு வெளியே பார்த்தாலோ நிலைமை இன்னும் மோசம். வோபர்ன் மடத்து நிலம் 1547இல் ரசல் குடும்பத்துக்குப் போனது. பெட்ஃபோர்ட் கோமகன்களாக அவர்கள் இன்றும் அங்கேதான் இருக்கிறார்கள். லாங்லீட் மடத்தை ஹென்றியின் காலத்திலேயே வாங்கிய தின் குடும்பமும் அசையவில்லை. லாகாக் மடம் 1940கள் வரை ஒரே உறவு வழியில் இருந்தது. 1835இல் ஃபாக்ஸ் டால்பட் உலகின் மிகப் பழைய ஒளிப்பட நெகட்டிவ்களில் ஒன்றை எடுத்தது அந்த வீட்டு ஜன்னலைத்தான். சாபம் இவர்களையெல்லாம் எப்படி விட்டது?

வேதாகமத்திடம் போனால் இரண்டு குரல் கேட்கிறது. பிதாக்களின் அக்கிரமம் மூன்றாம் நான்காம் தலைமுறைவரை விசாரிக்கப்படும் என்பது யாத்திராகமத்தின் எச்சரிக்கை. தகப்பனின் பாவத்தை மகன் சுமப்பதில்லை என்று எசேக்கியேல் அதை நேருக்கு நேர் மறுக்கிறார். லேவியராகமம் மூன்றாவதாக ஒன்றைச் சொல்கிறது: நிலம் யாருக்கும் நிரந்தரச் சொத்து அல்ல, ஐம்பதாம் ஆண்டில் அது பழைய குடும்பத்துக்குத் திரும்ப வேண்டும். சாபக்கதை யாத்திராகமத்தை மட்டும் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறது.

மேரி அரசியின் காலத்தில் திருச்சபையே இந்தச் சிக்கலில் மாட்டிக்கொண்டது. நிலத்தைத் திருப்பிக் கேட்டால் பிரபுக்கள் ரோமாபுரி பக்கமே திரும்பமாட்டார்கள். போப்பாண்டவரின் தூதரான போல் என்ற கர்தினால் 1554 டிசம்பரில் விலக்குக் கொடுத்தார்: வைத்திருப்பவர்கள் வைத்துக்கொள்ளலாம். கூடவே, ஆலயத்துப் பாத்திரங்களில் மது குடித்து அன்றிரவே கொல்லப்பட்ட வேதாகம மன்னன் பெல்ஷாத்சாரை நினைத்துக்கொள்ளுங்கள் என்றும் ஒரு சொல்லைப் போட்டுவைத்தார். சட்டம் மன்னித்தது, மனச்சாட்சிக்கு மட்டும் தவணை கொடுத்தது. தூது போன மான்டேகு பிரபு அந்த விலக்கின் கீழ்தான் இரவில் தூங்கியிருக்க வேண்டும்.

இந்த முடிச்சை நேர்த்தியாக அவிழ்த்தவர் அதற்கு மூன்று நூற்றாண்டு முந்தியவரான இறையியலாளர் தாமஸ் அக்குவைனாஸ். பிறர் பொருளைத் திருப்பித் தரும் கடமை பற்றி எழுதும்போது அவர் இரண்டைப் பிரிக்கிறார். எடுத்த செயல் ஒன்று, கையில் இருக்கும் பொருள் இன்னொன்று. செயலுக்குத் தண்டனை உண்டு. அது செய்தவனோடு முடிகிறது. பொருளுக்கோ தண்டனை கிடையாது, கடமை உண்டு. எப்படி வந்தது என்று தெரியாமல் வைத்திருக்கும் நல்லவனும், தெரிந்த பின் உரியவனுக்குக் கொடுத்துத்தான் ஆக வேண்டும். சாபக்கதையின் பிழை இங்கே பளிச்சென்று தெரிகிறது. வாரிசுக்குப் போகாத குற்றத்தை அது வாரிசின் தலையில் கட்டிவிட்டு, உண்மையில் வாரிசுக்குப் போகும் கடமையைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒரு இளைஞன் மூழ்கினால் கணக்குத் தீர்ந்தது என்று எல்லோரும் வீட்டுக்குப் போகலாம். நிலம் யார் கையில் இருக்கிறது என்று எவரும் கேட்க வேண்டியதில்லை.

உரியவன் யார் என்று கேட்டால் அடுத்த சிக்கல். துறவிகளுக்கு ஓய்வூதியம் தரப்பட்டது; அவர்களும் இறந்தார்கள், மடமும் இல்லை. மடத்து வாசலில் சோறு வாங்கித் தின்ற ஏழைகளுக்கு எந்த ஓய்வூதியமும் இல்லை, அவர்கள் பெயர் எந்தச் சாசனத்திலும் இல்லை. இன்னும் பின்னால் போனால், பேட்டில் மடாலயமே ரத்தத்தின் மேல் எழுந்தது. 1066இல் ஹரால்டு மன்னரைக் கொன்று நாட்டைப் பிடித்த வில்லியம், அந்தக் கொலைகளுக்குப் பரிகாரமாகக் கட்டிய மடம் அது. ஹரால்டு விழுந்த இடத்தில் பீடம் வைத்தார்கள் என்பது மரபு. துறவிகளின் நிலம், தோற்ற ஆங்கிலேயரிடமிருந்து வென்றவர் எடுத்துக் கொடுத்தது. அவர்கள் சாபமிட்டிருந்தால் அது யாரைத் தொட்டிருக்கும்? தத்துவவாதி டேவிட் ஹியூம் போன்றவர்கள் இதனால்தான் நீண்ட கால அனுபோகத்தையே உரிமையாக ஏற்றுக்கொள்ளச் சொன்னார்கள். இல்லாவிட்டால் தோண்டிக்கொண்டே போக வேண்டும். அது ஊர் அமைதிக்கு நல்ல யோசனை. நியாயத்துக்கும் நல்லது என்று சொல்ல முடியவில்லை. திருடன் பொறுமையாக இருந்தால் போதும் என்றாகிவிடும்.

பேட்டிலை வாங்கிய வெப்ஸ்டர்களையே பாருங்கள். சர் காட்ஃப்ரி வெப்ஸ்டர் 1786இல் மணந்த எலிசபெத் வாசல், ஜமைக்காவில் ஆப்பிரிக்க அடிமைகள் உழைத்த கரும்புத் தோட்டங்களின் வாரிசு. அந்தப் பணத்துக்குச் சாபம் உண்டென்று சசெக்ஸில் எவரும் கதை கட்டவில்லை. சாபம் பெறுவதற்கும் சபிக்கிறவருக்குக் கொஞ்சம் அந்தஸ்து இருக்க வேண்டும் போலும்.

கவுட்ரேயை 1909இல் வாங்கியவர் வீட்மன் பியர்சன். ஆறுகளுக்கு அடியில் சுரங்கப்பாதை தோண்டியும் மெக்சிகோவில் எண்ணெய் எடுத்தும் பணம் சேர்த்தவர். நெருப்போடும் நீரோடும் பிழைப்பு நடத்தியவர் என்றே சொல்லலாம். எரிந்த மாளிகையை அவர் திரும்பக் கட்டவில்லை, இடிபாடாகவே பேணினார். 16,000 ஏக்கருக்கும் மேற்பட்ட அந்த எஸ்டேட் இன்றும் அவர் குடும்பத்திடம் இருக்கிறது. போலோ ஆட்டத்துக்குப் பேர்போன இடம். பேட்டில் மடாலயத்தை 1976இல் அரசு வாங்கியது.

கையில் இருக்கும் பொருளைப் பற்றிய அக்குவைனாஸின் கேள்வி கடைசியில் போய் நின்றது ஆங்கிலத் திருச்சபையின் வாசலில். போப்பாண்டவருக்குப் போய்க்கொண்டிருந்த பாதிரியார் வரிகளை ஹென்றி 1534இல் அரசுக்கு எடுத்துக்கொண்டார். 1704இல் ஆன் அரசி அதை ஏழைப் பாதிரியார்களுக்கென்று ஒரு நிதியாகத் திருப்பிக் கொடுத்தார். பறித்ததைத் திருப்பிக் கொடுத்த அபூர்வ உதாரணம். அந்த நிதி பெரும் தொகையைத் தென்கடல் கம்பெனியில் போட்டது; ஆப்பிரிக்கர்களைக் கப்பலில் ஏற்றி விற்ற கம்பெனி. நிதியின் இன்றைய வாரிசான சர்ச் கமிஷனர்கள் எவர் சாபத்துக்காகவும் காத்திராமல் தங்கள் பழைய கணக்கேடுகளைத் தாங்களே திறந்து பார்த்தார்கள். அடிமை வியாபாரத்தால் பாதிக்கப்பட்ட சமூகங்களுக்காக ஒன்பது ஆண்டுகளில் 10 கோடி பவுண்டு ஒதுக்குவதாக 2023 ஜனவரியில் அறிவித்தார்கள்.